கேம் காணொளிகள்: பதிவு செய்வது முதல் பகிர்வது வரை

கணினியிலும் கைப்பேசியிலும் விளையாடும் கேம்களைப் பதிவு செய்து, கோப்பின் அளவைக் குறைத்து, இணையத்தில் பகிர்வது தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கே இம்முறை இப்பகுதி முழுவதும் ஒதுக்கப்படுகிறது. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்ததால், கடிதங்களைச் சுருக்கி, ஊர்ப்பெயரை மட்டும் குறிப்பிட்டு வெளியிடுகிறோம்.

கேள்வி: நான் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற திரைப்பதிவு மென்பொருளில் 1080பி, நொடிக்கு 60 ஃபிரேம் (தனிப்படம்) என்ற அளவில் பதிவு செய்கிறேன். என் கணினியில் பார்க்கும்போது படம் துல்லியமாக இருக்கிறது. யூடியூபில் ஏற்றிய பிறகு, கதாபாத்திரம் புல்வெளியில் ஓடும் காட்சிகள் எல்லாம் குழம்பிவிடுகின்றன. பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிக் காணொளிக்குச் செலவிடும் தகவலின் அளவை, 50 மெகாபிட் வரை உயர்த்தியும் பயனில்லை. தவறு எங்கே இருக்கிறது?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் பதிவில் தவறு இல்லை. நீங்கள் ஏற்றும் கோப்பை யூடியூப் அப்படியே காட்டுவதில்லை. அதைத் தன் அளவுகளுக்கு ஏற்ப மீண்டும் சுருக்கி, அந்தப் புதிய படிகளையே பார்வையாளர்களுக்கு அனுப்புகிறது. நீங்கள் காணும் குழப்பம் அந்த இரண்டாவது சுருக்கத்தில் நேர்வது.

சுருக்கம் எவ்வளவு கடுமையான வேலை என்பதைக் கணக்கு காட்டும். 1920-க்கு 1080 என்ற படத்தில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 60 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால், சுருக்கப்படாத காணொளி நொடிக்கு ஏறத்தாழ 373 மெகாபைட் இடம் கேட்கும். ஒரே நிமிடத்தில் 22 ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். அந்த அளவுள்ள காணொளியை ஏற்றுவதற்கு யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட் நொடிக்கு 12 மெகாபிட்; 8 பிட் ஒரு பைட் என்பதால், அது ஒன்றரை மெகாபைட் மட்டுமே. மூலத்தில் ஏறத்தாழ 250-இல் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. பார்வையாளருக்குப் போய்ச் சேரும் படி பெரும்பாலும் அதைவிடவும் சிறியது.

இவ்வளவு குறைக்க முடிவதற்குக் காரணம், அடுத்தடுத்த ஃபிரேம்கள் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருப்பதுதான். 2003-இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 முறையில் சில ஃபிரேம்கள் மட்டுமே முழுப்படமாகச் சேமிக்கப்படுகின்றன. மற்றவை 16-க்கு 16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது என்ற நகர்வுக் குறிப்பாகவும், அப்படி நகர்த்திய பிறகும் பொருந்தாமல் நிற்கும் வேறுபாடாகவும் எழுதப்படுகின்றன. ஒரு சுவர் திரையில் இடமிருந்து வலமாக நகர்ந்தால் நகர்வுக் குறிப்பே போதும்; வேறுபாடு ஏறக்குறைய சுழியாகிவிடும். புல்வெளி அப்படி அடங்காது. ஒவ்வொரு தாளும் தனித்தனியே அசைகிறது. ஒன்றை ஒன்று மறைக்கிறது. ஓடும்போது அருகிலிருப்பது வேகமாகவும் தொலைவிலிருப்பது மெதுவாகவும் நகர்கிறது. ஒரே கட்டத்துக்குள் பல திசைகளில் அசைவு இருப்பதால் எந்த நகர்வுக் குறிப்பும் பொருந்தாமல், வேறுபாடாக எழுத வேண்டியது மலைபோலக் குவிகிறது. ஒதுக்கிய பிட்டுகளுக்குள் அதை அடக்க வேண்டிய என்கோடர், அதாவது சுருக்கும் கருவி, நுண்ணிய விவரங்களை முதலில் கைவிடுகிறது. மழை, பனித்தூவல், இலைகள் அடர்ந்த மரம், வெடிப்பில் சிதறும் தீப்பொறி ஆகியவற்றிலும் இதுவே நடக்கிறது. அதே காணொளியில் மெனு திரையும், மூலையிலுள்ள வரைபடமும் தெளிவாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை அசையாதவை.

நீங்கள் 50 மெகாபிட்டில் ஏற்றினாலும் 100 மெகாபிட்டில் ஏற்றினாலும், 1080பி படிக்கு யூடியூப் ஒதுக்கும் பிட்டுகள் கூடப்போவதில்லை. ஆனால் 1440பி, 2160பி போன்ற பெரிய அளவுகளுக்கு அது கூடுதல் பிட்டுகளை ஒதுக்குவதோடு, எச்.264-ஐவிடத் திறமையான விபி9 போன்ற முறைகளையும் பயன்படுத்துகிறது. எனவே, தொகுத்து முடித்த 1080பி காணொளியை 2560-க்கு 1440 என்ற அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றுங்கள். புதிய விவரம் எதுவும் அதில் சேர்வதில்லை என்றாலும், இருக்கும் விவரத்தில் அதிகப் பங்கு உயிர் பிழைக்கிறது. இந்த ஒரு மாற்றம் தரும் பலனை வேறு எந்த அமைப்பும் தருவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேமின் உள்ளேயும் கொஞ்சம் செய்யலாம். திரைப்படச் சுருள் போன்ற துகள் தோற்றத்தைத் தரும் ஃபிலிம் கிரெய்ன் அமைப்பை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறும் அந்தத் துகள்கள் முந்தைய ஃபிரேமோடு ஒருபோதும் பொருந்தாமல் பிட்டுகளை வீணாக்கும். வேகமான அசைவைக் கலங்கலாகக் காட்டும் மோஷன் பிளர் அமைப்பையும் நிறுத்தச் சொல்வார்கள். விளையாடுவதற்கு அது சரியான ஆலோசனை. பதிவுக்கு மட்டும் அது தீங்கில்லை. வேகமாகத் திரும்பும் நேரத்தில் விவரத்தை மென்மையாக்கி என்கோடரின் சுமையைக் குறைக்கவே செய்கிறது. மற்றொன்று: ஏற்றியவுடன் யூடியூப் தாழ்ந்த தரத்துப் படியை முதலில் தயாரிக்கும், உயர்ந்தவை பின்னரே வரும். அதுவரை காணொளியைப் பொதுப்பார்வைக்குத் திறக்காமல் வையுங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரம் விளையாடிப் பதிவு செய்தால் 18 ஜிகாபைட் போய்விடுகிறது. வன்தட்டு வாரத்துக்கு ஒருமுறை நிரம்புகிறது. பிட்ரேட்டைக் குறைத்தால் சண்டைக் காட்சிகள் கெட்டுவிடுகின்றன. என்ன செய்வது?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: ஒரு மணி நேரத்துக்குச் சரியாக 18 ஜிகாபைட் என்றால், நீங்கள் நொடிக்கு 40 மெகாபிட் என்ற மாறாத பிட்ரேட்டில் பதிவு செய்கிறீர்கள் என்று பொருள். 40-ஐ 3,600-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 18,000 மெகாபைட் வரும். மாறாத பிட்ரேட் என்பது நேரலைக்கு உரிய முறை. இணைய இணைப்பின் கொள்ளளவை மீறாமலிருக்க அங்கே அது தேவைப்படுகிறது. வன்தட்டில் பதிவு செய்வதற்கு அது பொருந்தாது. நீங்கள் மெனுவில் ஆயுதம் தேர்ந்தெடுத்துக்கொண்டு நிற்கும் நேரத்திலும் 40 மெகாபிட்டை நிரப்புகிறது. குண்டு வெடித்துத் திரை முழுதும் சிதறும் நொடியில், கூடுதலாகத் தேவைப்படும்போது, அதே 40-இல் நின்றுவிடுகிறது.

ஓபிஎஸ் ஸ்டூடியோவின் வெளியீட்டு அமைப்பில், பதிவுக்கான விகிதக் கட்டுப்பாட்டைத் தரத்தை நிலையாக வைக்கும் முறைக்கு மாற்றுங்கள். என்விடியா வரைகலை அட்டையின் என்வென்க் என்கோடரில் அதன் பெயர் சிக்யூபி. செயலியே சுருக்கும் எக்ஸ்264-இல் சிஆர்எஃப். இரண்டிலும் எண் சிறிதானால் தரமும் கோப்பின் அளவும் கூடும். எக்ஸ்264-இல் இந்த எண்ணை 6 படிகள் குறைத்தால் கோப்பு தோராயமாக இரு மடங்காகும் என்பதை நினைவில் கொண்டால் கணக்கிடுவது எளிது. பின்னர் தொகுக்கப்போகும் பதிவுக்கு 18 முதல் 20 வரையும், அப்படியே வைத்துப் பார்க்கும் பதிவுக்கு 22 அல்லது 23-உம் போதும்.

இதற்குப் பிறகும் இடம் போதாவிட்டால், வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விளையாடும்போது கணினி அவசரத்தில் இருக்கிறது. என்கோடருக்கு ஒரு ஃபிரேமைச் சுருக்க நொடியில் 60-இல் ஒரு பங்கு நேரம்தான் கிடைக்கிறது. எனவே அப்போது தாராளமாகப் பதிவு செய்யுங்கள். இரவில் கணினி சும்மா இருக்கும்போது, வைத்திருக்க வேண்டிய பகுதிகளை மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கொடுத்து, எக்ஸ்264 என்கோடர், தர எண் 20 முதல் 22 வரை, வேகம் ‘ஸ்லோ’ என்று அமைத்து மறுபடி சுருக்குங்கள். மெதுவான அமைப்பில் என்கோடர் நகர்வுக் குறிப்புகளை இன்னும் பொறுமையாகத் தேடுவதால், ஏறக்குறைய அதே தரத்தில் சிறிய கோப்பு கிடைக்கும். ஆனால் இதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். சுருக்கியதை மீண்டும் சுருக்குவது ஜெராக்ஸ் பிரதியை ஜெராக்ஸ் எடுப்பது போன்றது. முதல் சுருக்கத்தின் கறைகளையும் விவரம் என்றே எண்ணி அடுத்த என்கோடர் பிட்டுகளைச் செலவிடும்.

ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு வேண்டியவை நான்கைந்து தருணங்கள் மட்டுமே என்றால், முழுதாகப் பதிவு செய்யவே தேவையில்லை. ஓபிஎஸ்ஸில் ரீப்ளே பஃபர் என்ற வசதி உண்டு. கடைசி 30 நொடியையோ ஒரு நிமிடத்தையோ அது நினைவகத்திலேயே வைத்திருந்து, நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் மட்டும் கோப்பாக எழுதும். விண்டோஸில் எக்ஸ்பாக்ஸ் கேம் பாரில் பின்னணிப் பதிவை இயக்கி வைத்திருந்தால், விண்டோஸ், ஆல்ட், ஜி ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்துவதும் இதையே செய்கிறது.

கேள்வி: இரண்டு மணி நேரம் பதிவு செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. எம்பி4 கோப்பு பல ஜிகாபைட் அளவில் இருக்கிறது. ஆனால் எந்த மென்பொருளிலும் திறக்கவில்லை. மீட்க வழி உண்டா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வழக்கமான எம்பி4 கோப்பில், எந்த ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. உங்கள் கோப்பில் படமும் ஒலியும் இருக்கின்றன. அவற்றைப் படிப்பதற்கான அட்டவணை இல்லை. அதே கணினியில், அதே அமைப்புகளுடன் ஒரு நிமிடம் புதிதாகப் பதிவு செய்து, அந்த நல்ல கோப்பை மாதிரியாகக் கொடுத்தால், அன்ட்ரங்க் என்ற திறமூல மென்பொருள் பழுதான கோப்பின் அட்டவணையை மீண்டும் உருவாக்க முயலும். முழுவதும் மீளும் என்று உறுதி கூற முடியாது. ஆயினும் முயன்று பார்க்காமல் அந்தக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

இனிமேல் பதிவின் வகையை எம்கேவி என்று மாற்றிக்கொள்ளுங்கள். அது தகவலைச் சிறு சிறு தொகுதிகளாக எழுதிக்கொண்டே போவதால், மின்சாரம் நின்றாலும் அதுவரை எழுதியது பிழைத்துக்கொள்ளும். தொகுப்பு மென்பொருளுக்கு எம்பி4 தேவைப்பட்டால், ஓபிஎஸ்ஸின் கோப்பு மெனுவிலுள்ள ரீமக்ஸ் கட்டளை உறையை, அதாவது கோப்பின் வகையை, மட்டும் மாற்றித் தரும். படத்தைத் தொடாது என்பதால் தரம் சிறிதும் குறையாது, நேரமும் அதிகம் ஆகாது. 2024-இல் வெளியான ஓபிஎஸ் 30.2 பதிப்பிலிருந்து ஹைப்ரிட் எம்பி4 என்ற வகையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதுவும் இவ்வாறான விபத்தைத் தாங்கும்.

கேள்வி: என் மகன் கைப்பேசியில் பிஜிஎம்ஐ விளையாடிப் பதிவு செய்ததை வாட்ஸ்அப்பில் தன் மாமாவுக்கு அனுப்பினான். அங்கே படம் தெளிவில்லாமல் போய்ச் சேர்ந்தது. நண்பர்கள் பேசியதும் கேட்கவில்லை. புதிய கைப்பேசி வாங்கித் தர வேண்டும் என்கிறான். தேவைதானா?
— இல்லத்தரசி, மதுரை

பதில்: அதற்காகப் புதிய கைப்பேசி வாங்க வேண்டியதில்லை. காணொளியாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். அனுப்பும் முன் எச்டி தரத்தைத் தேர்ந்தெடுத்தால் சற்று மேம்படும். அப்படியே போய்ச் சேர வேண்டுமானால், இணைப்புக் குறியைத் தொட்டு, டாக்குமென்ட் என்பதன் வழியாக அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். 2 ஜிகாபைட் வரை எந்தச் சுருக்கமும் இல்லாமல் போகும்.

குரல் கேட்காததற்குக் காரணம் வேறு. கேமின் ஒலியை நேரடியாகப் பதிவு செய்யும் வசதி ஆண்ட்ராய்டு 10-இல் வந்தது. அடுத்த பதிப்பில் திரைப்பதிவுக் கருவியும் உடன் இணைக்கப்பட்டது. ஆனால் தனியுரிமை கருதி, அழைப்பைப் போன்ற குரல் உரையாடலை இன்னொரு செயலி பதிவு செய்ய ஆண்ட்ராய்டு இடம் தருவதில்லை. பல கேம்களின் குழு உரையாடல் அந்த வகையில் சேர்வதால், துப்பாக்கிச் சத்தம் பதிவாகும். தோழர்களின் பேச்சு பதிவாகாது. இது கைப்பேசியின் குறை அன்று.

ஒன்றை மட்டும் உங்கள் மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள். திரைப்பதிவு திரையில் தோன்றும் ஏறக்குறைய அனைத்தையும் பதிவு செய்கிறது. விளையாட்டின் நடுவே மேலிருந்து இறங்கும் குறுஞ்செய்தியும், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அதில் அடங்கலாம். பதிவைத் தொடங்கும் முன் ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பை இயக்க வேண்டும். பகிரும் முன் ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: சிறுவயதில் பள்ளிக் கணினியில் விளையாடிய டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா போன்ற பழைய டாஸ் இயங்குதளத்து கேம்களை, அவற்றை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் விளையாடிப் பதிவு செய்கிறேன். இவ்வளவு எளிய படம் யூடியூபில் ஏன் இவ்வளவு மங்கலாகிறது? புதிய கேம்களே பரவாயில்லை என்று தோன்றுகிறது.
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று. அந்தக் காலத்து ஓவியர்கள் ஒவ்வொரு புள்ளியையும் கையால் வைத்தார்கள்; ஒரு புள்ளி கரைந்தாலும் முகத்தின் பாவம் மாறிவிடும். அவற்றைச் சிதையாமல் காட்டுவது கடினமில்லை, ஆனால் புதிய கேம்களுக்கான வழியை அப்படியே இவற்றுக்குப் பின்பற்றக்கூடாது.

படம் மங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, வண்ணம். பரவலாகப் பயன்படும் காணொளி முறைகள் ஒளியின் அளவை ஒவ்வொரு புள்ளிக்கும் சேமிக்கின்றன. வண்ணத்தையோ, இரண்டுக்கு இரண்டாக நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்றே சேமிக்கின்றன. மனிதக் கண் வண்ண நுணுக்கத்தை அவ்வளவு கூர்மையாக உணர்வதில்லை என்பதால் ஒளிப்படக் காட்சிகளில் இது தெரிவதில்லை. கறுப்புப் பின்னணியில் ஒரு புள்ளி அகலமுள்ள சிவப்பு எழுத்தை எண்ணிப் பாருங்கள். அதன் சிவப்பு, பக்கத்திலுள்ள கறுப்போடு சராசரியாகிக் கலங்கிவிடுகிறது. இரண்டாவது காரணம், பெரிதாக்கும் முறை. 320-க்கு 200 புள்ளி கொண்ட படத்தை அப்படியே ஏற்றினால், பார்வையாளரின் திரை அதை மென்மையாக்கிப் பெரிதாக்கும்; புள்ளிகளின் கூரிய விளிம்பு அங்கேயே போய்விடும். தவிர, அவ்வளவு சிறிய படத்துக்கு யூடியூப் ஒதுக்கும் பிட்டுகளும் மிகக் குறைவு.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். டாஸ்பாக்ஸை வெளியிலிருந்து வேறொரு மென்பொருளால் பதிவு செய்யாதீர்கள். அதற்குள்ளேயே பதிவு வசதி இருக்கிறது, 0.74 பதிப்பில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்5 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் தொடங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். அது பயன்படுத்தும் இசட்எம்பிவி என்ற முறை, இழப்பே இல்லாத சுருக்கம். ஒரு புள்ளியின் நிறம்கூட மாறாது. டாஸ் கேம்களில் வண்ணங்கள் குறைவு, திரையின் பெரும்பகுதி அசையாதது என்ற இரண்டு உண்மைகளை நம்பி வடிவமைக்கப்பட்டதால், இழப்பில்லாமலும் கோப்பு சிறியதாகவே இருக்கும். இந்தக் கோப்பே உங்கள் மூலப்பிரதி. இதை அழிக்காமல் வையுங்கள்.

அடுத்து அளவு. 320-க்கு 200 என்பது கணக்குப்படி 16-க்கு 10 விகிதம். ஆனால் அன்றைய திரைகள் 4-க்கு 3 விகிதத்தில் இருந்தன. அதாவது ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இல்லாமல் சற்று உயரமாகத் தெரிந்தது. விகிதத்தைச் சரிசெய்யாமல் ஏற்றப்படும் காணொளிகளில் பாத்திரங்கள் குள்ளமாக, நசுங்கித் தெரிவது இதனால்தான். இணையத்தில் இந்தப் பிழை பரவலாக இருப்பது வருத்தம் தருகிறது. அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்கினால் 1600-க்கு 1200 வரும். அது துல்லியமாக 4-க்கு 3. இரண்டு பெருக்கங்களும் முழு எண்கள் என்பதால் எந்தப் புள்ளியும் பாதியாக வெட்டப்படாது. பெரிதாக்கும்போது மென்மையாக்கும் முறைகளைத் தவிர்த்து, ‘நியரஸ்ட் நெய்பர்’ என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். அது புள்ளியை அப்படியே பலமுறை எழுதும், அவ்வளவுதான். இப்போது ஒரு கேம் புள்ளி 5-க்கு 6 என்ற சிறு செவ்வகமாகிவிட்டதால், வண்ணத்தை நான்கு புள்ளிக்கு ஒன்றாகக் குறைப்பதன் கலக்கம் செவ்வகத்தின் ஓரத்தோடு நின்றுவிடும். அந்தச் சிவப்பு எழுத்து சிவப்பாகவே இருக்கும்.

யூடியூப் தன் வழக்கமான உயரங்களுக்கு ஏற்ப அளவைச் சற்று மாற்றக்கூடும். அதனால் நான் பரிந்துரைப்பது இன்னும் இரு மடங்கு, அதாவது 3200-க்கு 2400. படம் பெரியதானாலும் ஒரே நிறக் கட்டங்களால் ஆனது என்பதால் சுருக்கத்துக்கு எளிதாக வசப்படும். அளவைக் கண்டு அஞ்ச வேண்டாம். அகலத்திரைக்கு ஏற்பப் பக்கங்களில் கறுப்புப் பட்டைகளை நீங்களே சேர்க்காதீர்கள். அதை யூடியூப் பார்த்துக்கொள்ளும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்த வகைக் காட்சிமுறை நொடிக்கு 70 முறை திரையைப் புதுப்பித்தது. யூடியூப் 60-க்கு மேல் காட்டுவதில்லை. 60 ஃபிரேமாக மாற்றும்போது சில ஃபிரேம்கள் விடுபடும். டேவ் போன்ற கேம்களில் அது கண்ணுக்குத் தெரியாது; திரை முழுதும் சீராக உருளும் கேம்களில் ஒரு சிறு தடுக்கல் தெரியலாம். அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் 10 மெகாபைட்டுக்கு மேல் இலவசமாக அனுப்ப முடியவில்லை. அரை நிமிடக் காட்சியை அதற்குள் அடக்க முடியுமா?
— பள்ளி மாணவர், சேலம்

பதில்: முடியும். 10 மெகாபைட் என்பது 80 மெகாபிட். அதை 30 நொடிக்குப் பங்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 2.67 மெகாபிட் கிடைக்கும். ஒலிக்கு 128 கிலோபிட் ஒதுக்கி, கொஞ்சம் இடைவெளியும் விட்டு, படத்துக்கு 2,400 கிலோபிட் என்று ஹேண்ட்பிரேக்கில் சராசரி பிட்ரேட்டாகக் கொடுங்கள். கோப்பு ஒன்பதரை மெகாபைட் அளவில் முடியும். இங்கே தரத்தை நிலையாக வைக்கும் முறை உதவாது. அளவை நிலையாக வைக்க வேண்டியிருக்கிறது. பலமுறை ஓட்டிச் சுருக்கும் மல்டி பாஸ் அமைப்பையும் தேர்ந்தெடுங்கள். முதல் ஓட்டத்தில் எந்த நொடி கடினமானது என்று அளந்துகொண்டு, அடுத்த ஓட்டத்தில் பிட்டுகளை அதற்கேற்பப் பங்கிடும். இந்தப் பிட்ரேட்டுக்கு 1080பி தாங்காது. 720பி, 30 ஃபிரேம் என்று குறைத்தால் தெளிவாக இருக்கும். ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்பதையும் தேர்ந்தெடுத்தால், யாழ்ப்பாண வாசகருக்குச் சொன்ன அந்த அட்டவணை கோப்பின் தொடக்கத்துக்கு வந்துவிடும். முழுதாக இறங்கும் முன்பே காணொளி ஓடத் தொடங்கும்.

ஆனால் முதலில் வெட்டிப் பாருங்கள். எதிரியை வீழ்த்துவது 12 நொடியில் முடிகிறதென்றால், முன்னால் நடந்துபோன 18 நொடி யாருக்கும் தேவையில்லை. 15 நொடியாக்கினால் அதே 10 மெகாபைட்டில் நொடிக்கு இரு மடங்கு பிட்டுகள் கிடைக்கும். மறுசுருக்கம் இல்லாமல் வெட்டுவதற்கு லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முழுப்படமாகச் சேமிக்கப்பட்ட ஃபிரேமில்தான் தொடக்க வெட்டு அமையும் என்பதால் ஓரிரு நொடி முன்பின் ஆகலாம்.

கேள்வி: கேம் தடையின்றி ஓடுகிறது; பதிவு மட்டும் திக்கித் திக்கி வருகிறது. என்கோடர் பலவீனமானதா?
— வாசகர், வேலூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. ஓபிஎஸ்ஸில் ஸ்டேட்ஸ் பலகையைத் திறந்து, எந்த எண் ஏறுகிறது என்று பாருங்கள். என்கோடிங்கில் ஃபிரேம்கள் விடுபட்டால் என்கோடருக்குச் சுமை அதிகம்; எக்ஸ்264 பயன்படுத்தினால் வரைகலை அட்டையின் என்கோடருக்கு மாறுங்கள். ரெண்டரிங்கில் விடுபட்டால் காரணம் கேம்தான். என்வென்க் என்பது அட்டையில் தனிப்பகுதி என்றாலும், சுருக்குவதற்கு முன் காட்சியை ஒன்றுசேர்க்க ஓபிஎஸ்ஸுக்கும் அட்டையின் பொதுத்திறன் கொஞ்சம் வேண்டும். கேம் அதை முழுதும் விழுங்கிவிட்டால் ஓபிஎஸ் பட்டினி கிடக்கிறது. கேமின் ஃபிரேம் எண்ணிக்கைக்கு 60 அல்லது உங்கள் திரைக்கு ஏற்ற வரம்பு வையுங்கள். ஓபிஎஸ்ஸை நிர்வாகி உரிமையுடன் தொடங்குங்கள். இரண்டையும் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: எச்.265, ஏவி1 ஆகிய சுருக்க முறைகள் இன்னும் சிறிய கோப்பைத் தருமாமே? பதிவையே அவற்றில் செய்யலாமா?
— வாசகர், சென்னை

பதில்: உங்கள் அட்டை தாங்கினால் செய்யலாம். எச்.265 2013-இலும், ஏவி1 2018-இலும் வந்தவை. ஏவி1-ஐ வன்பொருளிலேயே சுருக்கும் வசதி 2022-இல் வெளியான இன்டெல் ஆர்க், என்விடியா ஆர்டிஎக்ஸ் 40 வரிசை அட்டைகளில் தொடங்கியது. தொகுப்பு மென்பொருள் இவற்றைத் திணறாமல் திறக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். நண்பர்களின் பழைய கைப்பேசிக்கு நேரடியாக அனுப்பும் படி மட்டும் எச்.264-ஆகவே இருக்கட்டும், அது ஓடாத கருவி அரிது.

கேள்வி: என் வர்ணனைக் குரல் கேமின் சத்தத்தில் அமிழ்ந்துவிடுகிறது. கைப்பேசியில் பதிவு செய்தவற்றைத் தொகுக்கும்போது, போகப்போகக் குரலும் படமும் விலகிவிடுகின்றன.
— வாசகர், கொழும்பு

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய்கள். முதலாவதற்கு, கேமின் ஒலியையும் ஒலிவாங்கியின் ஒலியையும் தனித்தனித் தடங்களில் பதிவு செய்யுங்கள். ஓபிஎஸ்ஸில் ஆறு தடங்கள் வரை உண்டு. மேம்பட்ட ஒலி அமைப்பில் ஒவ்வொரு ஒலிமூலத்துக்கும் தடம் குறிக்கலாம். ஒரே தடத்தில் கலந்துவிட்ட குரலைப் பிறகு பிரிப்பது பெரும்பாடு. தனியே இருந்தால் தொகுக்கும்போது ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கிக்கொள்ளலாம். பேசும்போது ஒலிமானியில் குரல் மஞ்சள் பகுதியிலும் கேம் பச்சைப் பகுதியிலும் நிற்கும்படி அளவை அமையுங்கள். குரல் சிவப்பின் உச்சியைத் தொட்டு வெடித்துவிட்டால் எந்த மென்பொருளாலும் முழுதாகத் திருத்த முடியாது.

இரண்டாவதற்குக் காரணம், கைப்பேசிகள் மாறும் ஃபிரேம் வீதத்தில் பதிவு செய்வது. கேம் திணறும் இடத்தில் நொடிக்கு 41 ஃபிரேம், எளிய இடத்தில் 60 என்று எழுதும். தொகுப்பு மென்பொருள்களில் சில, எல்லா இடத்திலும் ஒரே வீதம் என்று எண்ணிக்கொள்கின்றன. ஒலி தன் வேகத்தில் போக, படம் பின்தங்குகிறது. தொகுக்கும் முன் ஹேண்ட்பிரேக்கில் அந்தக் கோப்பைக் கொடுத்து, ஃபிரேம் வீதம் 60 அல்லது 30, மாறாத வீதம் என்று தேர்ந்தெடுத்து, தர எண்ணை 16 அளவில் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒருமுறைக்கு மேல் சுருக்கக்கூடாது என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு. எண்ணை இவ்வளவு தாழ்வாக வைப்பதே அந்த இழப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் காப்பதற்காகத்தான். தொகுத்து முடியும் வரை அந்தப் பெரிய கோப்பு இருக்கட்டும்; பிறகு கைப்பேசியின் மூலத்தை வைத்துக்கொண்டு இதை அழித்துவிடலாம்.